ரிவோல்வர் இலக்குச் சுடுதல்: யாழ்ப்பாணத்தில் இருந்து தொடங்குகிறவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2024 ஜூலை முடிவில், பாரிஸ் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்த நேரம், எங்கள் ஊர் வாசிகசாலையில் பெடியள் ஒரு போனைச் சுற்றிக் குவிந்து நின்றார்கள். துருக்கிக்காரர் யூசுப் டிகெச்சின் படம். 51 வயது, சாதாரணக் கண்ணாடி, ஒரு கை காற்சட்டைப் பைக்குள், மற்றக் கையில் காற்றுப் பிஸ்டல், கலப்பு இரட்டையர் போட்டியில் வெள்ளிப் பதக்கம். "மாமா, நீங்களும் ஜேர்மனியில சுட்டனீங்கள் எல்லோ, இது எங்க பழகிறது?" என்று ஒருவன் கேட்டான். அன்றைக்கு நான் சொன்னது அரைகுறைப் பதில். முழுப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

நான் சுட்டது காற்றுப் பிஸ்டல் இல்லை, ரிவோல்வர், அதாவது ரவை போடும் அறைகள் உள்ள ஒரு சிலிண்டர் சுழலுகிற கைத்துப்பாக்கி. 33 வயதில் ஹம் நகரத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கழகத்தில் தொடங்கி, ஊருக்குத் திரும்பும் வரைக்கும் 25 வருடம், பெரும்பாலும் 25 மீற்றர் தூரத்தில் கடதாசி இலக்குக்கு. எங்கள் கழகத்தில் மூத்தவருக்கு 81 வயது. நிதானச் சுற்றில் நான் அவரை வென்ற நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஓட்டம், உதைபந்தாட்டம் எல்லாம் முப்பத்தைந்தோடு எங்களை விட்டுவிடுகின்றன, இது விடாது. சுவீடன்காரர் ஒஸ்கார் ஸ்வான் 1920 அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் துவக்குச் சுடுதலில் வெள்ளி எடுத்தபோது அவருக்கு 72 வயது, இன்றைக்கும் விளையாட்டில் ஒலிம்பிக் பதக்கம் எடுத்தவர்களில் மூத்தவர் அவர்தான். ஜோர்ஜியாவின் நினோ சலுக்வாட்சே 1988 சியோலில் 25 மீற்றர் பிஸ்டலில் தங்கம் எடுத்தார், 2024 பாரிஸ் அவருடைய பத்தாவது ஒலிம்பிக். இடையில் 2016 ரியோவில் தன் மகனோடு ஒரே அணியில் போனார்.

துவக்கு என்ற சொல்

வழிகாட்டிக்குள் போக முதல் இதைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் வீட்டில் "துவக்கு" என்ற சொல்லையே அம்மா எடுக்க விடமாட்டார். நான் கழகத்தில் சேர்ந்ததை அவருக்கு மூன்று வருடம் சொல்லவில்லை, சொன்ன அன்றைக்கு அவர் போனை வைத்துவிட்டார். அது நியாயம்தான். இந்த மண்ணில் அந்தச் சாமான் என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும், அதை மறந்துவிட்டு இது வெறும் விளையாட்டு என்று யாருக்கும் பாடம் எடுக்க நான் வரவில்லை. வீட்டில் ஒருவர் வேண்டாம் என்றால் அவரோடு முதலில் இருந்து கதையுங்கள், ஒளித்துச் செய்யாதீர்கள். நான் ஒளித்தது பிழை.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. வளவிலோ தோட்டத்திலோ மண் கிண்டும்போது பழைய ரவை, கோது, துருப்பிடித்த எதுவானாலும் வந்தால் தொடாதீர்கள், அடையாளத்துக்கு ஒன்றை நட்டுவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள். ஆர்வம் வந்த பெடியன் முதலில் கை வைக்கிற இடம் அதுவாக இருந்துவிடக்கூடாது. பார்க்க உண்மை மாதிரியே இருக்கிற விளையாட்டுத் துப்பாக்கியோடு ஒழுங்கையில் நின்று குறி பார்த்துப் பழகுவதும் வேண்டாம். இங்கே அது யாருக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாது.

முதல் படி: சட்டம் எங்கே இடம் விடுகிறது

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலச் சட்டம்தான் இன்னும் அடிப்படை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பது பாரதூரமான குற்றம், அனுமதியையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். விளையாட்டுக்கு என்று கேட்டு ஒரு ரிவோல்வரை வீட்டில் வைத்திருக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இங்கே நேர்வழி, சுடுதலுக்கான தேசியச் சம்மேளனத்தோடு இணைந்த ஒரு கழகத்தில் சேர்ந்து, அவர்களுடைய சுடுதளத்தில், அவர்களுடைய ஆயுதத்தில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்கப் பழகுவது. அநேகமாக அது 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கியில்தான் தொடங்கும். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இலங்கையிலிருந்து போன தெஹானி எகொடவெல சுட்டதும் 10 மீற்றர் காற்று றைபிள்தான். காற்றுத் துப்பாக்கிக்குச் சட்டம் இல்லை என்று நினைத்து இணையத்தில் ஒன்றை வாங்கிவிடாதீர்கள், கழகத்தில் கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற, அல்லது படிக்கப் போகிற எங்கள் ஆட்களுக்கு நாட்டுக்கு நாடு கதை வேறு. ஜேர்மனியில் நான் போன வழி இது: ஒரு கழகத்தில் குறைந்தது 12 மாதம் உறுப்பினராக இருக்க வேண்டும், அந்த வருடத்தில் மாதம் ஒரு தடவையாவது, இல்லாவிட்டால் மொத்தம் 18 தடவையாவது பயிற்சிக்கு வந்ததற்குப் பதிவு வேண்டும், ஆயுத அறிவுப் பரீட்சை சித்தியடைய வேண்டும், பிறகுதான் விண்ணப்பம். 25 வயதுக்குக் குறைந்தவர் பெரிய கலிபர் (குழலின் உள்விட்டம்) உள்ள ஆயுதம் கேட்டால் மனநலச் சான்றிதழும் கேட்பார்கள். வீட்டில் தரச்சான்று பெற்ற இரும்புப் பெட்டகம் கட்டாயம். எனக்கு அந்த ஒரு வருடக் காத்திருப்பு அப்போது கசந்தது, இன்றைக்கு யோசித்தால் அந்த வருடத்தில்தான் நான் உண்மையாகவே சுடப் பழகினேன், ஏனென்றால் சாமான் வாங்குகிற கவனம் எதுவும் இல்லை, கழகத்தின் பழைய .22 (அங்குலக் கலிபர்) ரிவோல்வர் ஒன்றுதான் கைக்குள்.

லண்டனில் இருக்கிறவர்களுக்கு வழி மிகவும் ஒடுங்கியது. 1996இல் ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 1997இல் பிரித்தானியாவில் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்துவிட்டார்கள். அங்கே மிச்சமிருப்பது கரிமருந்தை முன்னால் இருந்து அடைக்கிற பழைய பாணி ரிவோல்வரும், நீளக் குழல் வைத்த ஒரு வகையும். அவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும். கனடாவில் 2022 ஒக்டோபர் 21இலிருந்து கைத்துப்பாக்கி விற்பதும் கைமாற்றுவதும் உறைநிலையில். அவுஸ்திரேலியாவில் கழகம் மூலம் இடமுண்டு, ஆனால் பொதுவாக .38 கலிபர் வரைதான், ரிவோல்வரின் குழல் 100 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. சட்டம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் மச்சான் சொன்னார் என்று எதையும் வாங்காதீர்கள், கழகச் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாம் படி: என்ன போட்டி என்று தெரிந்துகொள்வது

ரிவோல்வர் போட்டி என்றதும் படத்தில் வருகிற இழுத்துச் சுடுதல் ஞாபகம் வரும். உண்மையில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று நிதானமாக நின்று கடதாசிக்குச் சுடுவது. உலகச் சுடுதல் சம்மேளனத்தின் 25 மீற்றர் சென்டர் ஃபயர் (ரவையின் அடி நடுவில் அடிபட்டு வெடிக்கிற வகை) போட்டியில் 60 வெடி: 30 நிதானமாக, 30 வேகமாக. வேகச் சுற்றில் கையை 45 பாகையில் தாழ்த்தி வைத்திருந்து, இலக்கு காட்டும் 3 செக்கனுக்குள் உயர்த்தி ஒரு வெடி, பிறகு 7 செக்கன் இடைவெளி. ஒரு கையால்தான். ஜேர்மன் கழகங்களில் நான் அதிகம் சுட்டது 40 வெடிப் போட்டி, 150 செக்கனில் 5 வெடி என்று நான்கு சுற்று, அப்புறம் 20 செக்கனில் 5 வெடி என்று நான்கு சுற்று. இதே குடும்பத்தில் "1500" என்று ஒரு போட்டி இருக்கிறது, அமெரிக்கப் பொலிஸ் பயிற்சியில் இருந்து வளர்ந்தது, 150 வெடி, ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி, அதுதான் பெயர். ரிவோல்வர்க்காரருக்கு அதைவிட நல்ல ஒரு நாள் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

மற்றக் குடும்பம் நகர்ந்து, நேரம் பார்த்துச் சுடுவது. இதில் ரிவோல்வருக்கு மட்டுமே என்று 1991இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு ஐகோர். அங்கே எடுத்த நேரத்தோடு பிழைக்குத் தண்டனைச் செக்கன் கூட்டுவார்கள், குறைந்த மொத்தம் வெல்லும். இந்த வகையில் எல்லோரும் சொல்கிற பெயர் ஜெரி மிக்யூலெக். 1999 செப்டெம்பரில் அவர் ஆறு வெடி வைத்து, வெற்றுக் கோதுகளைத் தள்ளி, திரும்ப ஆறு ரவை போட்டு, மறுபடி ஆறு வெடி வைத்து எல்லாவற்றையும் 2.99 செக்கனில் முடித்தார். காணொளியைப் பாருங்கள், ஆனால் அவருடைய கை வேகத்தைப் பார்க்காமல் குழலின் முனை எவ்வளவு அசையாமல் இருக்கிறது என்று பாருங்கள்.

தொடங்குகிறவர் நிதானக் குடும்பத்தில்தான் தொடங்க வேண்டும். குறைந்தது இரண்டு வருடம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மூன்றாம் படி: யாழ்ப்பாணத்தில், வீட்டில், துவக்கே இல்லாமல்

இதற்கு அனுமதி தேவையில்லை, காசும் தேவையில்லை. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நிரப்புங்கள். 6 அங்குலக் குழல் உள்ள .357 ரிவோல்வர் ஒன்றின் எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, அதனால் அது நல்ல ஒப்பீடு. சுவரில் கண் மட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. போத்தலின் கழுத்தைப் பிடித்து, கையை நீட்டி, போத்தலின் ஒரு விளிம்பைப் புள்ளிக்குக் கீழே வைத்து 10 செக்கன் பிடியுங்கள், 30 செக்கன் ஆறுங்கள், பத்துத் தடவை. கை நடுங்கும், நடுங்கட்டும். நடுக்கத்தை நிறுத்தப் பார்க்காதீர்கள், அது சின்னதாகும் வரைக்கும் பாருங்கள், மூன்று மாதத்தில் கட்டாயம் சின்னதாகும். தோளில் நோ வந்தால் அரை லீற்றருக்கு இறங்குங்கள்.

அதோடு சுட்டுவிரல். நான்கு விரலால் போத்தலை ஒரே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டு, சுட்டுவிரலை மட்டும் மெதுவாக மடக்கி நீட்டிப் பாருங்கள். முதல் நாள் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகும். பால் கறக்கும் கை மாதிரி. இந்தச் சேர்ந்து இறுகுவதுதான் பின்னால் சன்னத்தை இலக்குக்குக் கீழே தள்ளப்போகிறது, அதனால் இங்கேயே, பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும்போதுகூட, அதைப் பிரித்துப் பழகுங்கள்.

மூச்சும் நித்திரையும் பற்றி நிறைய எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த வரை இவ்வளவுதான்: மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, 6 அல்லது 8 செக்கனுக்குள் வெடி போக வேண்டும், போகாவிட்டால் கையை இறக்கிவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். போட்டி நாள் காலையில் இரண்டு தேத்தண்ணி குடிக்கிற ஆள் ஒன்றோடு நிறுத்தலாம்.

நான்காம் படி: ரிவோல்வரைத் தெரிவு செய்வது

கழக ஆயுதத்தில் ஒரு வருடம் போன பிறகுதான் இந்தக் கேள்வி. .22இல் தொடங்குங்கள், சத்தமும் உதைப்பும் குறைவு, ரவையும் மலிவு. அடுத்தது .357 மேக்னம் ரிவோல்வர் ஒன்றை வாங்கி, அதில் .38 ஸ்பெஷல் ரவை சுடுவது. .357இன் கோது .38ஐ விட மூன்று மில்லிமீற்றர் சொச்சம் நீளம், அதனால் .38 ரவையை .357இல் சுடலாம், மற்றப் பக்கம் முடியாது. கடதாசிக்கு முன்பக்கம் தட்டையான "வொட்கட்டர்" சன்னம் நல்லது, காகிதம் குத்தும் கருவி மாதிரி வட்டமாக ஓட்டை போடும், புள்ளி எண்ணச் சண்டை வராது. .38ஐயே சுட்டுக்கொண்டிருந்தால் சிலிண்டர் அறைகளுக்குள் ஒரு கரி வளையம் படியும், .357 போட முதல் அதைத் துலக்க வேண்டும்.

நான் வைத்திருந்தது ஸ்மித் அண்ட் வெசன் 686, 6 அங்குலக் குழல். பிடி கைக்குப் பொருந்துவதுதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். எங்கள் ஆட்களில் பலருக்குக் கை சின்னது, தொழிற்சாலையில் இருந்து வருகிற தடித்த பிடியில் சுட்டுவிரல் விசைக்கு (சுட இழுக்கிற கொக்கிக்கு) நேராக வராது, பக்கவாட்டில் இழுக்கும். முதலில் பிடியை மாற்றுங்கள், மற்ற எல்லாம் பிறகு.

ஐந்தாம் படி: பாதுகாப்பு

பொது விதி எல்லாச் சுடுதளத்திலும் ஒன்றுதான். எல்லா ஆயுதமும் நிரம்பியது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குழல் முனை ஆளுக்கு நேரே ஒருபோதும் திரும்பக்கூடாது. குறி சேரும் வரை விரல் விசைக்கு வெளியே. இலக்கும் அதற்குப் பின்னால் இருப்பதும் தெரிய வேண்டும். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு இல்லாமல் ஒரு வெடிகூட வேண்டாம். கைத்துப்பாக்கி வெடி 140 டெசிபலைத் தாண்டும், ஒரே வெடியில் காது கெடுகிற அளவு அது. மூடின சுடுதளத்தில் காதுக்குள் காதுச் செருகியும், அதற்கு மேலே கவசமும் போடுவேன்.

ரிவோல்வருக்கு என்றே சில தனி ஆபத்துக்கள் உண்டு, அவற்றைப் பிஸ்டலில் பழகின பயிற்றுநர்கூடச் சில நேரம் சொல்ல மறந்துவிடுவார். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறது, ஒவ்வொரு வெடிக்கும் அதில் இருந்து சூட்டு வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் பீறும். பிஸ்டலில் செய்வது போல பெருவிரலை முன்னால் நீட்டி அங்கே வைத்தால் விரல் வெட்டுப்படும். பக்கத்தில் நிற்கிறவரும் அந்தக் கோட்டில் நிற்கக்கூடாது.

விசை இழுத்தும் வெடி போகவில்லை என்றால் குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு 30 செக்கன் பொறுங்கள், பிந்தி வெடிக்கலாம். ரிவோல்வரில் ஆபத்து என்னவென்றால், பழக்க தோஷத்தில் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும், அந்தப் பழைய ரவை குழலுக்கு நேரே இல்லாத இடத்தில் இருக்கும். வெடிச் சத்தம் வழக்கத்தை விட மெல்லியதாக, "பொப்" என்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். சன்னம் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அதற்குப் பின்னால் இன்னொன்று போனால் குழல் பிளக்கும். இது எனக்கு ஒரு முறை நடந்தது. பக்கத்தில் இருந்த 81 வயது மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

சிலிண்டரை மணிக்கட்டால் சுண்டி மூடுவது படத்துக்குத்தான். சிலிண்டரைத் தாங்கும் இரும்புக் கை வளைந்துபோகும், பிறகு சிலிண்டர் குழலோடு நேர்கோட்டில் நிற்காது. இரண்டு கையால், மெதுவாக. சுட்டு முடித்ததும் கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள், வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும், ஈயம் சின்னப் பிள்ளைகளுக்கு விஷம்.

ஆறாம் படி: விசை

ரிவோல்வரை நான் நேசிக்கிற காரணம் முழுவதும் இந்த இடத்தில் இருக்கிறது.

ரிவோல்வரின் விசை இரண்டு விதமாக வேலை செய்யும். பின்னால் இருக்கிற சுத்தியலைப் பெருவிரலால் இழுத்து நிறுத்திவிட்டு விசையைத் தொட்டால் அது சிங்கிள் ஆக்ஷன், கொஞ்ச அழுத்தத்தில் கண்ணாடி உடைவது போல விடுபடும். சுத்தியலைத் தொடாமல் விசையை மட்டும் இழுத்தால் டபுள் ஆக்ஷன். அந்த ஒரே இழுவையில் சிலிண்டர் சுழன்று, அடுத்த அறை பூட்டுப்பட்டு, சுத்தியல் எழும்பி விழும். புது ரிவோல்வரில் இந்த இழுவை 5 கிலோவைச் சுற்றி இருக்கும், நல்ல ஆயுதத் திருத்துநர் கை வைத்தால் 3 கிலோவுக்குக் கொண்டுவரலாம். ஒரு கிலோச் சொச்ச எடையுள்ள சாமானை, அதன் எடையைப் போலப் பல மடங்கு பலத்தால் இழுத்தும், அசையாமல் வைத்திருக்க வேண்டும். இதைப் பழகியவருக்கு உலகத்தில் எந்தப் பிஸ்டலின் விசையும் இலகு.

செய்கிற முறை: பிடியை எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே பிடியுங்கள். சுட்டுவிரலின் முதல் மூட்டுக் கோடு விசையில் படட்டும். சிங்கிள் ஆக்ஷனுக்கு விரல் நுனியின் சதை போதும், டபுளுக்கு அது காணாது. இழுக்கத் தொடங்கினால் நடுவில் நிற்கக்கூடாது, ஒரே வேகத்தில், கிணற்றில் கப்பியால் வாளி இழுப்பது போல, தொடக்கமும் நடுவும் முடிவும் ஒரே கயிறாக. பலர் முக்கால்வாசி இழுத்து, சிலிண்டர் பூட்டுப்படுகிற சின்னக் கிளிக்கில் நின்று, குறியைச் சரிபார்த்து, மிச்சத்தைப் பிடுங்குவார்கள். நானும் செய்தேன். அந்த மிச்சப் பிடுங்கலில்தான் குறி கெடுகிறது. வெடி போன பிறகு விரலை முழுவதும் முன்னுக்கு விடுங்கள். பாதியில் திரும்ப இழுத்தால் சிலிண்டர் திரும்பாமல் விசை இறுகும்.

இதற்கு ரவை வேண்டாம். வெறும் விசைப் பயிற்சி, ஒரு நாளைக்கு 10 நிமிடம். ஆயுதமும் அனுமதியும் உள்ளவருக்கு முறை இது: ரவை எல்லாம் வேறு அறையில், பூட்டில். சிலிண்டரைத் திறந்து ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு எண்ண வேண்டும். சுவருக்கு அப்பால் ஆள் இருக்கக்கூடாது. .22 ரிவோல்வரில் வெறும் விசை அடித்தால் அறையின் விளிம்பு கெடலாம், அதனால் போலி ரவை போடுங்கள். குழலின் மேல் ஒரு ரூபாக் குற்றியை வைத்து விசையை இழுங்கள், விழாமல் பத்துத் தடவை போனால் அன்றைக்குப் போதும். எனக்கு அதற்கு நான்கு மாதம் எடுத்தது.

அப்புறம் ரிவோல்வரால் மட்டும் இவ்வளவு இலகுவாகச் செய்யக்கூடிய ஒரு பரிசோதனை. சுடுதளத்தில் நண்பர் ஒருவர் ஆறு அறையில் மூன்றுக்கு ரவையும், மூன்றுக்குச் சுட்ட வெற்றுக் கோதும் கலந்து போட்டு, சிலிண்டரைச் சுழற்றி மூடி உங்கள் கையில் தருவார். எது வெடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. வெற்றுக் கோது வந்த இடத்தில், வெடிக்கு முன்னாலேயே உங்கள் கை துள்ளிக் குழலைக் கீழே தள்ளுவதை நீங்களே கண்ணால் காண்பீர்கள். இரண்டு வருடம் என் சன்னங்கள் இடது பக்கக் கீழ் மூலைக்குப் போய்க்கொண்டிருந்தன, பின்குறி (குறி பார்க்க ஆயுதத்தின் பின்பக்கம் இருக்கிற வெட்டு) சரியில்லை என்று நம்பித் திருகிக்கொண்டே இருந்தேன். இந்தப் பரிசோதனையில் முதல் வெற்றுக் கோதுக்கே குழல் முனை இரண்டு விரல் கீழே போனது. பின்குறியைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தேன். அன்றைக்குப் பிறகு, ஊருக்குத் திரும்பும் வரைக்கும், மாதம் ஒரு முறை இதைச் செய்தேன்.

ஏழாம் படி: கண்

குழல் முனையில் நிற்கிற முன்குறி, பின்குறி, இலக்கு என்று மூன்று இருக்கிறது, கண்ணால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும். கூர்மையாகத் தெரிய வேண்டியது முன்குறி. இலக்கு மங்கலாகத் தெரிந்தால் சரி. ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையில் 20 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். முன்குறி பின்குறியின் நடுவில் இருந்து ஒரு மில்லிமீற்றர் விலகினால், 25 மீற்றரில் சன்னம் 12.5 சென்ரிமீற்றர் விலகும். 25 மீற்றர் நிதான இலக்கில் 10ஆம் வட்டத்தின் விட்டம் 5 சென்ரிமீற்றர்தான், ஆகவே அந்த ஒரு மில்லிமீற்றர் உங்களை 6க்கும் 5க்கும் நடுக்கோட்டில் கொண்டுபோய் வைக்கும். ஆனால் குறிகள் இரண்டும் சரியாகச் சேர்ந்தபடி முழுக் கையும் ஒரு சென்ரிமீற்றர் ஆடினால், சன்னமும் ஒரு சென்ரிமீற்றர்தான் ஆடும், அது இன்னும் 10தான். கை ஆட்டத்துக்குப் பயப்படாதே, முன்குறியைப் பார் என்று சொல்வது இதனால்தான்.

நாற்பத்தைந்து தாண்டியதும் முன்குறி மங்கத் தொடங்கும். பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள், அது தேவையில்லாத இழப்பு. கண்ணாடிக்காரரிடம் போய், கையை நீட்டினால் முன்குறி நிற்கிற தூரத்தை அளந்து காட்டி, அந்தத் தூரத்துக்கு ஒரு தனி வில்லை கேளுங்கள். வாசிக்கிற கண்ணாடி இதற்கு உதவாது, அதன் தூரம் கிட்ட. மற்றக் கண்ணை மூடாதீர்கள், அந்தப் பக்க வில்லையில் பால் நிற ஒட்டுத் தாளை ஒட்டிவிட்டு இரண்டு கண்ணையும் திறந்தபடி சுடுங்கள், முகம் இறுகாது.

எட்டாம் படி: ரவை மாற்றுதல், முதல் போட்டி

வேகப் போட்டிக்குப் போகும் வரை இது அவசரமில்லை. ஸ்பீட்லோடர் ஆறு ரவையை வட்டமாகப் பிடித்து ஒரே தள்ளில் போடும், மூன் கிளிப் என்பது ஆறு ரவையும் ஒரு மெல்லிய தகட்டில் கோத்தபடியே உள்ளே போய் வெளியே வருவது. எதுவானாலும், வெற்றுக் கோதைத் தள்ளும்போது குழல் வானத்தைப் பார்க்கட்டும், தள்ளுகோலை ஒரே அடியாக, முழுவதும் அமத்துங்கள். பாதி அமத்தினால் ஒரு கோது, கோதுகளை வெளியே தள்ளுகிற நட்சத்திரத் தகட்டுக்குக் கீழே மாட்டி அன்றைய சுற்றே போய்விடும். எரியாத மருந்துத் துகளும் அங்கேதான் போய் நிற்கும், பழைய பல் துலக்கி ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.

முதல் போட்டிக்கு ஒரு வருடப் பயிற்சிக்குப் பிறகு போங்கள், கடைசி இடம் வந்தாலும் போங்கள். நடுவர் "நிறுத்து" என்றால் விரல் அந்தக் கணமே வெளியே. ஒவ்வொரு வெடிக்கும் இலக்கைப் பார்க்க முதல், எங்கே பட்டது என்று வாய்க்குள் சொல்லுங்கள்: "எட்டு, வலது". பிறகு பாருங்கள். சொன்னதும் பட்டதும் ஒன்றாகத் தொடங்குகிற நாளில் உங்கள் கண் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதையும் கொப்பியில் எழுதுங்கள். என்னிடம் பதினொரு கொப்பி இருக்கின்றன. புள்ளிகளை விட நான் திரும்பிப் பார்ப்பது பக்கத்தில் எழுதின வரிகளைத்தான், "நித்திரை இல்லை", "பிடி தாழ்ந்தது", "அம்மா கதைத்தார்".

ஒன்பதாம் படி: வருடங்கள்

இருபதுகளில் வேகம், நாற்பதுகளில் நிதானம், அறுபதுக்குப் பிறகு .22, மூட்டு வாதம் வந்தால் காற்றுப் பிஸ்டல், குறி தெரியாவிட்டால் அனுமதிக்கிற பிரிவில் சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி. இப்படி மாற்றிக்கொண்டே போகலாம். உடம்பில் குறை வந்தாலும் வழி மூடாது. ஹங்கேரிக்காரர் கரோலி டாகாச்சுக்கு 1938இல் கைக்குண்டு வெடித்து வலது கை போனது, இடது கையால் முதலில் இருந்து பழகி 1948, 1952 இரண்டு ஒலிம்பிக்கிலும் வேகப் பிஸ்டலில் தங்கம் எடுத்தார். பராலிம்பிக்கில் 1976இலிருந்து சுடுதல் இருக்கிறது, சக்கர நாற்காலியில் இருந்தபடியே சுடுகிறார்கள். எங்கள் பகுதியில் கால் இழந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்களில் யாராவது இந்த விளையாட்டைத் தொடவே விரும்பமாட்டேன் என்றால் அதை மதிக்கிறேன். விரும்புகிற ஒருவருக்கு, இது இரண்டு காலோடு நிற்கிறவரோடு ஒரே இலக்குக்குச் சுடக்கூடிய விளையாட்டு என்று தெரிந்திருக்க வேண்டும்.

வாசிகசாலையில் கேட்ட பெடியன் இப்போது ஒரு லீற்றர்ப் போத்தலை 20 செக்கன் பிடிக்கிறான், சுட்டுவிரலும் பிரிந்துவிட்டது. அடுத்தது கொழும்பில் ஒரு கழகத்தில் காற்றுப் பிஸ்டல், மாதம் ஒரு முறை ரயிலில் போய் வர வேண்டும். அவனுடைய தாய் சம்மதிக்கவில்லை. அவருடைய தமையன் ஒருவர் சண்டைக் காலத்தில் போனவர். சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்து கதைக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், இந்த வழிகாட்டியையும் அச்செடுத்துக் கொண்டுபோகிறேன், அவர் முதலில் வாசித்துவிட்டுச் சொல்லட்டும்.